குண்டு பொய் சொல்லாதுங்க!

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி ரோட்டில் கிழக்கே போனால் கருமத்தம்பட்டி வரும். ஜெபமாலை மாதா கோயிலும் ஓயாத விசைத்தறிச் சத்தமும் அந்த ஊருக்கு அடையாளங்கள். இந்த நாளில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது: திரும்பின பக்கமெல்லாம் புது வீடு. வீடு என்றால் கொத்தனார். கொத்தனார் என்றால் கையில் நூலும், நூலின் நுனியில் தூக்குக் குண்டும்.

"ஏனுங்க, செவுரு கொஞ்சம் சாஞ்சாப்பல தெரியுதுங்களே?" என்று வீட்டுக்கார அம்மாள் சந்தேகப்பட்டால் கொத்தனார் வாக்குவாதம் செய்வதில்லை. சாரத்தின் மேலிருந்து நூலை விடுகிறார். குண்டு இரண்டு ஆட்டம் ஆடி நிற்கிறது. "குண்டு பொய் சொல்லாதுங்கம்மா" என்கிறார். அம்மாளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

நமக்கு இருக்கிறது. குண்டு "கீழே" என்று ஒரு திசையைக் காட்டுகிறதே, அது எந்தத் திசை? "இதென்ன கேள்வி, பூமியின் நடு மையத்தை நோக்கித்தான்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை பதில் சொல்லிவிடும். பதில் ஏறக்குறைய சரி. அந்த "ஏறக்குறைய"வுக்குள்ளே இருநூறு வருஷத்துக் கதை ஒன்று அடங்கியிருக்கிறது. அதில் நம் கொங்குச் சீமைக்கும் பங்கு உண்டு. ஒரு மனிதரின் உயிரும் போயிருக்கிறது.

நிறையுள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது என்று 1687-ஆம் வருஷம் எழுதி வைத்தார் ஐஸக் நியூட்டன். பூமி மாங்காயை இழுக்கிறது. மாங்காயும் தன் பங்குக்குப் பூமியை இழுக்கிறது. திண்ணையில் அரை மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கும் இரண்டு பெண்மணிகளும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆளுக்கு அறுபது கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இழுப்பு பொடியுப்பின் ஒரு துகள் எடையளவு தேறும். (சிநேகிதத்தின் இழுப்பு இதில் சேர்த்தியில்லை.)

உப்புத் துகளளவு இழுப்பை நாம் உணர்வதில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது ஒரு பெண்மணியாக இல்லாமல் ஒரு மலையாக இருந்தால்? கருமத்தம்பட்டியிலிருந்து வானம் தெளிவாக இருக்கிற காலை வேளையில் மேற்கே பாருங்கள். மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அத்தனை பாறையும் கொத்தனாரின் குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது. இழுப்பு மிக மிகச் சொற்பம். ஒரு பாகையை அறுபதாக வகுத்தால் கலை, ஒரு கலையை அறுபதாக வகுத்தால் விகலை. குண்டு ஐந்து விகலை விலகினால்கூடப் பத்தடிச் சுவரில் அது ஒரு தலைமயிர்க் கனம். வீட்டுக்கார அம்மாள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு தேசத்தையே அளக்கப் புறப்பட்டவர்கள்தான் கவலைப்பட நேர்ந்தது.

அதற்கு முன்பு ஒரு சின்ன விஷயம்.

ஊட்டிக்குப் போனால் எடை குறையுமா?

குறையும்! மலைமேல் ஏற ஏறப் பூமியின் மையம் தள்ளிப் போகிறது, இழுப்பு தளர்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் கோவையிலிருந்து உதகமண்டலத்துக்குப் போனால் இருபது கிராம் அளவில் குறைவார். டாக்டர் சொன்ன பத்துக் கிலோவுக்கு இந்த வழி போதாது. குறைந்த இருபது கிராமும் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் திரும்பி வந்துவிடும்.

குறைந்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பில் உள்ள சரக்கு, அதாவது நிறை, துளியும் குறையவில்லை. அதன் மீது பூமி செலுத்தும் இழுப்புக்குத்தான் எடை என்று பெயர். பழைய தட்டுத் தராசு இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் கோவையிலும் ஊட்டியிலும் ஒரே பதில் சொல்லும். இழுப்பு குறைந்தால் எடைக்கல்லுக்கும் அல்லவா சேர்ந்து குறைகிறது! நகைக்கடையின் எலெக்ட்ரானிக் தராசு அப்படியல்ல. அது இழுப்பையே அளக்கிறது. கோவையில் சரிபார்த்த தராசை அப்படியே ஊட்டிக்குத் தூக்கிப் போனால் எட்டு கிராம் பவுனுக்கு ஏறக்குறைய மூன்று மில்லிகிராம் குறைத்துச் சொல்லும். அதனால்தான் வைக்கிற இடத்திலேயே எடைக்கல் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள்.

பெண்டுலம் ஆடும் சுவர்க் கடிகாரத்தையும் ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குளிரில் கம்பி சுருங்குவதை விட்டுவிட்டால், இழுப்பு தளர்ந்த காரணத்தால் மட்டும் நாளுக்குப் பதினைந்து விநாடி போலப் பின்தங்கும். ஆக, ஓர் இடத்தில் ஆகர்ஷண சக்தி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பெண்டுலம் போதும்; எந்தப் பக்கம் என்று தெரியக் குண்டு போதும். இந்த இரண்டு எளிய சாமான்களை வைத்துக்கொண்டு பூமிக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

இமயமலைக் கணக்கு

1802-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் கர்னல் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். தேசம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கும் மகத்தான ஸர்வேக்கு அது ஆரம்பம். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி ஒரே நேர்க்கோடாக அளந்து பூமி உருண்டையின் சரியான வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய ஆசை.

யோசனை சுலபமானது. ஓர் ஊரில் நின்று குண்டு தொங்கும் நூலுக்கு நேர் மேலே எந்த நட்சத்திரம் வருகிறது என்று பார்ப்பது. நூறு மைல் வடக்கே போய் மறுபடியும் பார்ப்பது. பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர் "கீழே"க்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வித்தியாசம் வரும். பாகை எத்தனை, மைல் எத்தனை என்று தெரிந்தால் உருண்டையின் அளவு தெரிந்துவிடும். இப்படி நட்சத்திரம் பார்த்த இடங்களில் ஒன்று நம் கொங்கு நாட்டில், 11 பாகைக்குச் சற்றே தெற்கே இருக்கும் பச்சாபாளையம். இன்னொன்று பெங்களூரில் தொட்டகுண்டா. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது லாம்டனுக்குத் தலை சுற்றியது. தொட்டகுண்டா ஒத்துவரவில்லை. அங்கே பூமிக்கடியில் கனமான ஏதோ ஒன்று குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். குண்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது!

(லாம்டனிடம் அரை டன் எடையுள்ள ஒரு கோணமானி இருந்தது. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. புவியீர்ப்பு தன்னை அளக்க வந்தவரோடு இப்படியும் ஒரு விளையாட்டு விளையாடியது. மனிதர் அசரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.)

லாம்டன் 1823-இல் காலமானார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் கோட்டை வடக்கே இழுத்துக்கொண்டு போனார். மத்திய இந்தியாவில் கலியான்பூர், டில்லிக்கு வடக்கே கலியானா என்ற இரண்டு இடங்கள். இவற்றின் தூரத்தைச் சங்கிலியாலும் முக்கோணத்தாலும் அளந்தால் ஒரு விடை. நட்சத்திரத்தாலும் குண்டாலும் அளந்தால் வேறு விடை. வித்தியாசம் ஐந்து விகலைக்குச் சற்று அதிகம். தரையில் அது ஐந்நூறு அடிக்கு மேல். அளவில் பிழை என்று எவரெஸ்ட் நினைத்தார்.

கல்கத்தாவில் ஒரு பாதிரியார் இருந்தார். ஜான் ஹென்றி பிராட் என்று பெயர், கணிதத்தில் புலி. "பிழை அளவில் இல்லை. வடக்கே இமயமலை குண்டை இழுக்கிறது" என்று அவருக்குப் பட்டது. மலையின் பாறையையெல்லாம் மதிப்பிட்டு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு 1855-இல் வெளியிட்டார். ஆனால் பாருங்கள், விடை ஏறக்குறைய பதினாறு விகலை வந்தது! வேண்டியது ஐந்து, வந்தது மூன்று மடங்கு. அத்தனை பெரிய மலை, இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. மலைக்குள் என்ன, பொந்தா?

அதே வருஷம் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஏரி என்ற வானசாஸ்திரி விளக்கம் கொடுத்தார். ரசத்தில் மிதக்கும் வடையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான வடை ரசத்துக்கு மேலேயும் அதிகம் தெரியும். கீழேயும் அதிகம் முழுகியிருக்கும். மலையும் அப்படித்தான். அடர்த்தி குறைந்த பாறையாலான மலை, அடர்த்தி மிகுந்த உட்பாறையின் மேல் மிதக்கிறது. மேலே எவ்வளவு உயரமோ அதற்குத் தகுந்தாற்போல் கீழே ஆழமான வேர் இறங்கியிருக்கிறது. கனமான பாறை இருக்க வேண்டிய இடத்தில் லேசான வேர் இருப்பதால் மொத்த இழுப்பு குறைந்துபோகிறது. வடையை நாம் சொன்னோமே தவிர ஏரி சொன்னது வேறு உவமை. கருத்து அவருடையதுதான்.

இது உண்மைதானா என்று பெண்டுலத்தை வைத்துப் பார்க்கும் வேலை காப்டன் ஜேம்ஸ் பாஸ்வி என்ற ஸர்வே அதிகாரிக்கு வந்தது. 1865-இலிருந்து ஊர் ஊராகப் பெண்டுலத்தைத் தொங்கவிட்டு ஆட்டங்களை எண்ணினார். ஒரு நாளைக்கு எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள். அதில் ஒன்றிரண்டு கூடுகிறதா, குறைகிறதா என்பதே கேள்வி. எண்ணிப் பார்த்தவரைக்கும் விசித்திரமாகவே வந்தது. கடலோரத்திலும் மினிக்காய்த் தீவிலும் ஆகர்ஷணம் எதிர்பார்த்ததைவிட அதிகம். உயர்ந்த மலைகளில் குறைவு. இன்னும் உயரமான இடத்தில் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று லடாக்கில் பதினையாயிரம் அடிக்கு மேலுள்ள மோரே மைதானத்துக்குப் பெண்டுலத்தைச் சுமந்து போனார். அங்கேயும் எண்ணி முடித்தார். அந்தக் குளிரும் காற்றும் அவரை விடவில்லை. 1871 ஜூலையில் அந்த மலைவெளியிலேயே உயிர் போயிற்று, வயது முப்பத்தொன்பது. மலை உயர்ந்த இடத்தில் அடியில் சரக்கு குறைவு என்பதற்கு அவர் எண்ணிய ஆட்டங்கள் சாட்சியாக நின்றன.

கடலில் ஒரு பள்ளம்

நிலத்தில் இப்படியென்றால் கடலில்? கடல் மட்டம் என்கிறோம். அதைப்போல் மட்டமானது வேறில்லை என்று நினைக்கிறோம். ஆனால் இலங்கைக்குத் தெற்கே இந்து மகா சமுத்திரத்தில் முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளம் கடலின் அடியில் இருப்பதைச் சொல்லவில்லை. நீரின் மேற்பரப்பே தாழ்ந்திருக்கிறது. பூமியின் சராசரி வடிவத்துக்கு நூற்றாறு மீட்டர் கீழே! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே உள்ளே வைத்து மூடிவிடலாம். உலகத்திலேயே பெரிய பள்ளம் இதுதான். 1948-இல் டச்சு விஞ்ஞானி வெனிங் மைனஸ் இதை முதலில் தெரிந்துகொண்டார்.

"அப்படியானால் கப்பல் சறுக்கிக்கொண்டு போய் விழாதா?" என்று கேட்கத் தோன்றும். சறுக்காது. அங்கே இழுப்பு தளர்வு. சுற்றிலும் இழுப்பு பலம். தண்ணீர் பலமுள்ள பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. குண்டும் அதற்குத் தகுந்தாற்போல் சாய்ந்து, நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்கும். மாலுமியின் ரசமட்டமும் மட்டம் என்றே சொல்லும். பள்ளத்தின் சரிவில் நின்றாலும் சரிவு தெரியாது; "கீழே" என்பதே சரிந்துவிட்டதல்லவா?

பள்ளம் ஏன் வந்தது என்பதற்கு 2023-இல் ஒரு விடை வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அட்ரேயி கோஷ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்த தேபாஞ்சன் பாலும், பதினான்கு கோடி வருஷத்துப் பூமியின் போக்கைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வந்தபோது நடுவில் இருந்த பழைய டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆழத்தில் போய் ஆப்பிரிக்காவின் அடியில் இருக்கும் சூடான குவியலைக் கலைத்தது. அங்கிருந்து லேசான சூட்டுப் பாறை எழும்பி வந்து இந்தக் கடலின் கீழே பரவியிருக்கிறது. லேசான சரக்கு, லேசான இழுப்பு. பள்ளம் இப்போதைய வடிவத்துக்கு வந்து ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம் ஆகிறதாம்.

பூசணிக்காயும் இரண்டு எறும்பும்

இவ்வளவு அளந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது. நடுவில் கயிறு இல்லை, சங்கிலி இல்லை, வெறும் வெளி. எப்படி இழுக்கிறது? நியூட்டனே அதற்குக் காரணம் கற்பிக்க மறுத்துவிட்டார்.

கொங்கு நாட்டுக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். சதுரமாக வெட்டின பெரிய கிணறுகள். கோடையில் பையன்கள் மேட்டிலிருந்து குதிப்பார்கள். ஒருவன் கையில் கல்லோடு குதித்து, நடு வழியில் கல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கல் அவனை முந்தாது, பிந்தாது. கூடவே வரும். அந்த ஒரு விநாடிக்குப் பையனுக்கும் எடை இல்லை, கல்லுக்கும் எடை இல்லை. விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்ற இந்தச் சங்கதிதான் 1907-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனைப் பிடித்துக்கொண்டது. இரும்போ இறகோ, காற்றுத் தடை இல்லாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி விழுகின்றன. அப்படியானால் விழும் பாதை பொருளைச் சேர்ந்ததல்ல, இடத்தைச் சேர்ந்தது என்று அவர் துணிந்தார். எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 1915-இல் கணக்கை முடித்தார்.

அவர் சொன்னதை அடுக்களையில் நின்றே பார்க்கலாம். ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடுப்பில் இரண்டு எறும்புகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விடுங்கள். இரண்டும் காம்பை நோக்கி, ஆளுக்கொரு வரிப்பள்ளத்தில், வளையாமல் நேராக நடக்கின்றன. புறப்படும்போது பக்கம் பக்கமாக இருந்தவை போகப் போக நெருங்கிக் காம்பருகே முட்டிக்கொள்கின்றன. "ஏதோ ஒரு சக்தி நம்மை ஒருவர் பக்கம் ஒருவரை இழுக்கிறது" என்று எறும்புகள் முடிவு கட்டலாம். இழுத்தவர் யாருமில்லை. காயின் வடிவம் அப்படி. நிறையுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும், அதோடு காலத்தையும் வளைக்கிறது. வளைந்த வெளியில் மற்றப் பொருள்கள் தங்களால் முடிந்த நேர்வழியில் போகின்றன. அதைத்தான் நாம் ஈர்ப்பு என்கிறோம்.

நம்பும்படியாகவா இருக்கிறது? வெளி வளைந்தால் அதில் போகும் ஒளியும் வளைய வேண்டும். 1919 மே 29-இல் சூரிய கிரகணம். ஆர்தர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுக்குப் போய், மறைந்த சூரியனின் அருகே தெரிந்த நட்சத்திரங்களைப் படமெடுத்தார். அவை இடம் விலகித் தெரிந்தன. பிரேஸிலில் எடுத்த படங்களையும் சேர்த்துப் பார்த்ததில் விலகல் ஐன்ஸ்டீன் கணக்கோடு ஒத்துப்போனது. நம் பழனி மலைக்கு மேலே கொடைக்கானலிலும் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரிய ஒளியின் கோடுகளைப் பிரித்துப் பார்த்து, சூரியன் காலத்தையும் வளைக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

வளைவுக்கு ஓர் எல்லை வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கப்பலில் உட்கார்ந்து போட்டவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது பத்தொன்பது வயது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஒன்றின் நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டால், தன் ஈர்ப்பைத் தானே தாங்காமல் சுருங்கிக்கொண்டே போகும் என்று அவர் கணக்குச் சொல்லிற்று. 1935 ஜனவரியில் லண்டன் வானவியல் சங்கத்தில் இதை அவர் வாசித்த அன்றே, எழுந்து பரிகசித்தவர் வேறு யாருமல்ல, அதே எடிங்டன்! வெளி வளையும் என்று உலகத்துக்குக் காட்டியவருக்கு, அது அவ்வளவு வளையும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மறு வருஷம் சந்திரசேகர் தம்மோடு கல்லூரியில் பௌதிகம் படித்த லலிதாவை மணந்துகொண்டார். அமெரிக்காவில் அவர்கள் குடித்தனம் ஐம்பத்தெட்டு வருஷம் நீடித்தது. நோபல் பரிசு வந்தது 1983-இல். எடிங்டன் அதைப் பார்க்க இல்லை.

நட்சத்திரம் கிடக்கட்டும், இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? கருமத்தம்பட்டி வழியாகப் போகிற லாரிக்காரர் கைபேசியில் வழி பார்க்கிறாரே, அவருக்கு வழி சொல்லும் செயற்கைக் கோள்களில் கடிகாரங்கள் இருக்கின்றன. உயரத்தில் காலம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. கோளின் வேகத்தால் கொஞ்சம் மெதுவாகவும் ஓடுகிறது. கூட்டிக் கழித்தால் நாளுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் முப்பத்தெட்டுப் பங்கு முந்துகிறது. அவ்வளவு நேரத்தில் ஒளி பதினோரு கிலோமீட்டர் போய்விடும். ஐன்ஸ்டீன் கணக்கைக் கழிக்காவிட்டால் வழி எந்த லட்சணத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே கைபேசி உயரமும் சொல்லும். கோள்கள் அறிந்தது பூமியின் சராசரி வழவழப்பு வடிவத்தை மட்டுமே. நம் பக்கத்துப் பள்ளத்தை அவை அறியா. பள்ளமோ இலங்கைக்குத் தெற்கே நின்றுவிடவில்லை. அதன் சரிவு தமிழ்நாடு முழுவதும் ஏறி வருகிறது. ஆகவே கன்னியாகுமரிக் கடற்கரையில் கால் நனைய நின்றுகொண்டு கோள் சொல்கிற உயரத்தை அப்படியே கேட்டால், கடலுக்கு மேலே நிற்கிறவரைத் தொண்ணூறு மீட்டருக்கும் அதிகமான பாதாளத்தில் நிற்கிறவர் என்று சொல்லும். கோயம்புத்தூரிலும் ஏறக்குறைய அவ்வளவு குறைத்தே சொல்லும். ஊருக்கு ஊர் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஆகர்ஷணத்தை அளந்து தயாரித்த அட்டவணை ஒன்று இருக்கிறது. ஸர்வேக்காரர்கள் அதைக் கூட்டித்தான் உயரம் எழுதுகிறார்கள்.